நினைப்பும் செயலும்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா. வயது 50. இரவு வகுப்பில் ஆறு மாதம் படித்தார். இப்போது தன் பெயரை எழுதுவார். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படித்து ஏறுவார். ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்வார்.

ஒரு நாள் பணம் எடுக்கப் பேங்குக்குப் போனார். படிவம் கொடுத்தார்கள். பேனாவும் கொடுத்தார்கள். பின்னால் நீண்ட வரிசை. அக்காவுக்கு உள்ளங்கை வியர்த்தது. கை நடுங்கியது. "சார், மை டப்பா கொடுங்க" என்றார். கைநாட்டு வைத்தார். பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

அவருக்கு எழுதத் தெரியாதா? தெரியும். முதல் நாள் இரவுகூட நோட்டில் பத்துத் தடவை எழுதினார். பிறகு ஏன் கைநாட்டு?

அவரையே கேட்டோம். "தப்பா போட்டா சிரிப்பாங்களே" என்றார்.

இது ஒரு நினைப்பு. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று அவர் நினைத்தார். நினைத்த உடனே வெட்கம் வந்தது, பயம் வந்தது. இவை உணர்வுகள். உணர்வு வந்ததும் உடம்பு மாறியது. கை நடுங்கியது. நடுங்கும் கையால் எழுத முடியுமா? அதனால் கைநாட்டு வைத்தார். இது செயல்.

கதை அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டார்: "பாத்தியா, உனக்கு வராதுன்னு நான் சொன்னேன்ல." பழைய நினைப்பு இப்போது இன்னும் பலமாகிவிட்டது. அடுத்த முறை பேங்குக்குப் போனால் பயம் இன்னும் சீக்கிரமாக வரும்.

நினைப்பு, உணர்வு, செயல். பிறகு மறுபடியும் நினைப்பு. இது ஒரு சக்கரம். நாம் எல்லோரும் இதில்தான் சுற்றுகிறோம். இந்தச் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, அதை எப்படித் திருப்பலாம் என்பதைப் பார்ப்போம்.

நினைப்பு வரும் வேகம்

நினைப்பு மிக வேகமாக வரும். வந்தது நமக்கே தெரியாது. உணர்வுதான் முதலில் தெரியும்.

ஒரு சின்ன உதாரணம். காலையில் பனி மூடிய பாதை. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். பக்கத்து லயத்துப் பெண் எதிரே வருகிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அவள் பேசாமல் போகிறாள்.

"அவளுக்குத் திமிர்" என்று நினைத்தால் கோபம் வரும். நாளைக்கு நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று நினைத்தால் கவலை வரும். அன்று முழுவதும் வேலை ஓடாது. "பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னாளே, அந்த நினைப்பில் போகிறாள்" என்று நினைத்தால் இரக்கம் வரும். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பீர்கள்.

நடந்தது ஒன்றுதான். நினைப்பு மூன்று விதம். அதனால் உணர்வும் மூன்று விதம், செயலும் மூன்று விதம்.

எந்த நினைப்பு சரி? கேட்டுப் பார்க்காமல் தெரியாது. நாம் கேட்பதில்லை. முதலில் வந்த நினைப்பையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். பல வீட்டுச் சண்டைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

உணர்வு கெட்டது அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். "கோபப்படாதே, அழாதே, பயப்படாதே" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். பெண்களிடம் இன்னும் அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு உணர்வுக்கும் ஒரு வேலை இருக்கிறது. யானை வரும் பாதையில் பயம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. துக்கம் வந்தால் நாலு பேர் நம் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். அநியாயம் நடந்தால் கோபம் அதைக் காட்டிக் கொடுக்கிறது. கோபம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பிள்ளையை அடிக்கிறோமா? அல்லது கோபத்துக்குக் காரணமான இடத்துக்குப் போய்ப் பேசுகிறோமா?

பிளாச்சிமடையில் ஒரு பெண்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலூகா இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கம். அங்கே பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை என்று ஒரு ஊர். எரவாளர் என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருவர் மயிலம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார்.

2000-ஆம் ஆண்டு அவர்கள் காலனிக்கு எதிரே கோக்கோ கோலா நிறுவனத்தின் குளிர்பானத் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. அது நிலத்தடி நீரை எடுத்தது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. சமைத்தால் சோறு கெட்டது. குளித்தால் உடம்பு அரித்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகு தூரம் நடந்தார்கள்.

இந்த இடத்தில் இரண்டு விதமாக நினைக்கலாம். "நம் காலம் சரியில்லை, நாம் என்ன செய்ய முடியும்?" என்பது ஒரு நினைப்பு. இப்படி நினைத்தால் சோர்வு வரும். சோர்ந்தவர் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு நடப்பார்.

"முன்பு நல்ல தண்ணீர் இருந்தது. தொழிற்சாலை வந்த பிறகு கெட்டது. அப்படியானால் காரணம் என்ன?" என்பது இன்னொரு நினைப்பு. இப்படி நினைத்தால் கோபம் வரும். கோபம் வந்தவர் கேள்வி கேட்பார். மயிலம்மா கேள்வி கேட்டார்.

இந்த இரண்டாவது நினைப்பில் என்ன விசேஷம்? அதில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பு எப்படி, இப்போது எப்படி, நடுவில் என்ன மாறியது? படிக்காத ஒருவர் தன் கிணற்றையும் தன் அடுப்பையும் பார்த்துப் போட்ட கணக்கு அது. கையெழுத்து தெரியாதவர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், பிளாச்சிமடையைச் சொல்லுங்கள்.

2002 ஏப்ரல் 22 அன்று தொழிற்சாலை வாசலுக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மயிலம்மா முன்னால் நின்றார். நாள் கூலியை விட்டுவிட்டு உட்காருவது லேசான காரியம் அல்ல. ஒரு நாள் உட்கார்ந்தார்கள். மறு நாளும் வந்தார்கள். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு நடந்தது. 2004 மார்ச் மாதம் தொழிற்சாலை நின்றது. பிறகு திறக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்துவிட்டார். மக்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுக்காக 2011-இல் கேரள சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது சட்டமாக வரவில்லை. ஆனால் மயிலம்மாவின் பெயர் பல நாடுகளில் தெரிந்தது. அவர் வாழ்க்கை புத்தகமாக வந்தது. தமிழிலும் வந்திருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்றால், கொஞ்ச நாளில் அந்தப் புத்தகத்தையும் படிக்கலாம்.

மூணாறு ரோட்டில் ஒன்பது நாள்

இடுக்கிக்கு வருவோம். மூணாறு தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலை செய்கிறார்கள். கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2015-இல் அவர்களுக்கு ஒரு நாள் கூலி 232 ரூபாய். அந்த ஆண்டு போனஸைக் குறைத்து 10 சதவீதம் என்று அறிவித்தார்கள். பெண்கள் 20 சதவீதம் கேட்டார்கள்.

அதுவரை கூட்டம் என்றால் மேடையில் ஆண்கள் இருப்பார்கள். பெண்கள் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். பேச்சுவார்த்தைக்கு ஆண்கள் போவார்கள். முடிவை வந்து சொல்வார்கள். "நமக்கு எதுக்குக்கா வம்பு? அவங்க பாத்துக்குவாங்க." இந்த நினைப்பு பல வருஷமாக ஊறிய நினைப்பு.

செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் தாங்களே ரோட்டுக்கு வந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தமிழில் கோஷம் போட்டார்கள். "பெம்பிளை ஒருமை" என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. பெண்களின் ஒற்றுமை என்று அர்த்தம். ஒன்பது நாள் போராட்டம். செப்டம்பர் 13 அன்று கொச்சியில் முதலமைச்சர் முன்னிலையில் பேச்சு நடந்தது. போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம். கூட்டிப் பாருங்கள். 20 சதவீதம்.

முதல் நாள் ரோட்டுக்கு வந்த எல்லோருக்கும் தைரியம் இருந்திருக்குமா? இருந்திருக்காது. பக்கத்து டிவிஷன் பெண்கள் போகிறார்கள் என்று பார்த்து வந்தவர்கள் உண்டு. வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு தைரியம் வந்தது. இதைக் கவனியுங்கள். தைரியம் வந்த பிறகு செயல் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் முதலில் செயல், பிறகுதான் தைரியம்.

இங்கேயும் குறை உண்டு. நாள் கூலி 500 ரூபாய் கேட்டு மறுபடியும் போராடினார்கள். அக்டோபரில் 301 ரூபாய்தான் கிடைத்தது. பின்னால் அந்த ஒற்றுமை உடைந்தது. ஆனால் அந்த ஆண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் நின்று ஜெயித்தார்கள். கூடை தூக்கிய பெண்கள் மைக் பிடித்துப் பேசியதை அவர்களுடைய பிள்ளைகள் பார்த்தார்கள். அதை யாரும் அழிக்க முடியாது.

பாம்பைத் தொட்டவர்கள்

செயலில் இருந்து நினைப்பு மாறும் என்பதை ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் ஆல்பர்ட் பாண்டுரா. மனநூல் அறிஞர். 1925-இல் கனடா நாட்டில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா, அம்மா இருவரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அப்பா தானாகவே மூன்று மொழி படிக்கக் கற்றுக்கொண்டார். நம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய மனிதர்.

பாண்டுரா அமெரிக்காவில் பேராசிரியர் ஆனார். 1960-களின் கடைசியில் பாம்புக்குப் பயந்தவர்களைக் கூப்பிட்டார். சாதாரணப் பயம் அல்ல. புல்லில் கால் வைக்கவே பயப்படுகிறவர்கள். (நம் மலையில் பாம்புக்குப் பயப்படுவது புத்திசாலித்தனம். அங்கே சோதனைக்கு வைத்தது விஷம் இல்லாத பாம்பு.)

"பயப்படாதே" என்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. முதலில் ஒருவர் பாம்பைக் கையில் எடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு கதவு அருகே நிற்கச் சொன்னார்கள். பிறகு உள்ளே வரச் சொன்னார்கள். பிறகு கையுறை போட்டுத் தொடச் சொன்னார்கள். கடைசியில் வெறும் கையால் தொட்டார்கள். பெரும்பாலானவர்கள் பாம்பைக் கையில் எடுத்துவிட்டார்கள். அதுவும் சில மணி நேரத்தில்.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. பாம்புப் பயம் போனதும் மற்றப் பயங்களும் சிலருக்குக் குறைந்தன. "இதையே செய்துவிட்டேன், அதைச் செய்ய முடியாதா?" என்ற நினைப்பு வந்துவிட்டது.

"என்னால் முடியும்" என்ற நினைப்பு எங்கே இருந்து வருகிறது? பாண்டுரா இதைப் பற்றி நிறைய எழுதினார். நாமே செய்து பார்த்த சின்ன வெற்றிதான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்றார். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். நாம் மதிக்கும் ஒருவர் "உன்னால் முடியும்" என்று சொல்வதும் உதவும். ஆனால் வெறும் வாய்ச்சொல் கொஞ்ச நேரம்தான் தாங்கும். உடம்பு அமைதியாக இருப்பதும் முக்கியம். நெஞ்சு படபடக்கும்போது எந்த வேலையும் மலை மாதிரித்தான் தெரியும்.

நம்மைப் போன்ற ஒருவர் என்று சொன்னோம். ஆலப்புழையில் கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். கோவில்களில் கூட்டிப் பெருக்கி வாழ்ந்தவர். அவருடைய மகள் பெரிய வயதில் படித்துத் தேர்வு எழுதினார். அதைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வந்தது. 2018-இல் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வு எழுதினார். 100-க்கு 98 மார்க். அப்போது அவருக்கு வயது 96. அந்த வயதில் அவருடைய சக்கரத்தைத் திருப்பியது புத்திமதி அல்ல. மகள்.

புதுக்கோட்டையிலும் இதே கதைதான். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் ஊரில் கேலி பேசினார்கள். பெண்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த காலம் போனது. இதைச் சாதாரண விஷயம் என்று சிலர் சொல்வார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், மனசுக்குள் ஓடும் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள். நாம் நம்மிடமே எப்படிப் பேசுகிறோம்? "நான் மக்கு." "எனக்கு எதுவும் விளங்காது." "எங்க குடும்பத்துக்கே ராசி இல்லை." பக்கத்து வீட்டுக்காரர் நம்மை இப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவோம். நாமே சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்கிறோம்.

அந்தப் பேச்சைப் பிடித்தால் ஒரு கேள்வி கேளுங்கள். இது நடந்ததா, நான் நினைப்பதா? "சிரிப்பார்கள்" என்பது நினைப்பு. "போன மாதம் ஒருவர் சிரித்தார்" என்பது நடந்தது. இரண்டும் ஒன்று அல்ல. ஒருவர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்பதும் இல்லை. "எப்போதும்", "ஒருநாளும்", "எல்லோரும்" என்ற சொற்கள் வரும்போது கொஞ்சம் உஷாராக இருங்கள். "இவர் ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை" என்கிறோம். ஒருநாளும் இல்லையா? போன பொங்கலுக்குக் கேட்டாரே.

அடுத்தது செயல். பெரிய காரியத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். "நான் நன்றாகப் படிக்க வேண்டும்" என்பது பெரிய துண்டு. வாயில் நுழையாது. "சோறு வேகும் நேரத்தில் நாலு வரி படிப்பேன்" என்பது சின்னத் துண்டு. நேரமும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. செய்து முடித்தால் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அது நாளைக்கு நம்மை இழுத்துக்கொண்டு வரும்.

பழக்கத்தை விடுவதும் இப்படித்தான். சம்பள நாளில் குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். "இனி குடிக்க மாட்டேன்" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். சம்பளம் வாங்குவார். அதே கூட்டாளிகள், அதே ரோடு, அதே கடை. கால் தானாகப் போகும். சத்தியம் செய்யும்போது மனசு ஒரு இடத்தில் இருந்தது. கடை வாசலில் வேறு இடத்தில் இருக்கிறது. சம்பள நாளில் மனைவியோடு சேர்ந்து கடைவீதிக்குப் போகிறவர், வேறு ரோட்டில் வீட்டுக்கு வருகிறவர் தப்பிக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும், குடித்துக் குடித்து உடம்பே அதைக் கேட்கும் நிலை வந்தால் ரோடு மாற்றினால் போதாது. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் விஷயமும் உண்டு. "நீ உருப்பட மாட்டே" என்று அப்பா தினமும் சொன்னால், பத்து வருஷம் கழித்து அந்தப் பேச்சு பிள்ளையின் மனசுக்குள் இருக்கும். அப்பா பக்கத்தில் இல்லாதபோதும் அது பேசும். கணக்குத் தப்பாகப் போனால் "இந்தக் கணக்கு தப்பு, மறுபடி போடு" என்று சொல்லலாம். தப்பு கணக்கில் இருக்கட்டும். பிள்ளையின் மேல் ஏற்ற வேண்டாம்.

நினைப்பால் தீராதவை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"எல்லாம் உன் மனசில்தான் இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். அது பொய். கூலி குறைவு என்பது நினைப்பு அல்ல. ஒழுகும் லயம் நினைப்பு அல்ல. பிளாச்சிமடைக் கிணறு மயிலம்மாவின் மனசில் கெடவில்லை, மண்ணில்தான் கெட்டது. கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்து "நல்லதையே நினை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவருக்கு அது உதவாது.

துக்கமும் அப்படித்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மண் சரிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போய்விட்டார்கள். ஒரே குடும்பத்தில் பலரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்த நினைப்பை மாற்றச் சொல்வது? பக்கத்தில் உட்கார வேண்டும். கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் பேசினால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் மனிதரால் முடியும்.

மனசுக்கு நோய் வருவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனசு கனமாக இருக்கிறதா? தூக்கம் வரவில்லையா? பசி இல்லையா? பிடித்த வேலையிலும் ஆசை இல்லையா? "நான் இருந்து என்ன?" என்ற நினைப்பு வருகிறதா? இது சோம்பல் அல்ல, பேயும் அல்ல. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு நோய். வைத்தியம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் சொல்லுங்கள். போனில் பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு கிடையாது. தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 1056 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

கோவாவில் ஒரு சோதனை நடந்தது. மனசு மிகவும் சோர்ந்துபோன சுமார் 500 பேர். சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இவர்களில் ஒரு பகுதியினரோடு பேச அனுப்பினார்கள். ஆறு முதல் எட்டு தடவை பேச்சு. அவர்கள் என்ன பேசினார்கள்? "முன்பு எதைச் செய்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும்? அதில் ஒன்றை இந்த வாரம் செய்து பார்ப்போமா?" கோவிலுக்குப் போவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, தங்கையைப் பார்த்து வருவது. மனசு சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்கவில்லை. செய்தார்கள், மனசு மெல்ல லேசானது. டாக்டர் வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் குணம் தெரிந்தது. 2017-இல் இதை வெளியிட்டார்கள். ஜிம்பாப்வே நாட்டில் பாட்டிமார்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்கு "அதிகமாக யோசிப்பது" என்று அர்த்தம் வரும் ஒரு சொல் இருக்கிறது. நம் ஊரிலும் "ரொம்ப யோசனை பண்றா" என்றுதானே சொல்கிறோம்?

மறுபடியும் பேங்கு

நம் அக்காவுக்கு வருவோம். பேங்கில் இருந்து ஒரு வெறும் படிவத்தை மகள் வாங்கி வந்தாள். அக்கா வீட்டிலேயே அந்தக் கட்டத்துக்குள் பெயரை எழுதிப் பார்த்தார். முதல் நாள் பெயர் கட்டத்தைத் தாண்டிப் போனது. நாலாம் நாள் உள்ளே அடங்கியது. பிறகு வகுப்பு டீச்சரோடு, கூட்டம் இல்லாத நேரத்தில் பேங்குக்குப் போனார்.

அங்கே ஒரு சிக்கல். பேங்கு ரிக்கார்டில் அக்காவின் கைநாட்டுதான் இருக்கிறது. கையெழுத்து போட வேண்டும் என்றால் முதலில் ரிக்கார்டை மாற்ற வேண்டும். "போட்டோ, ஆதார் கொண்டு வாங்க" என்றார்கள். அக்காவின் முகம் வாடியது. திரும்பி வந்தார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் மூணாறு டவுனுக்குப் போய்ப் போட்டோ எடுத்தார்.

அடுத்த வாரம் தனியாகவே போனார். புதிய தாளைக் கொடுத்தார்கள். "மூணு இடத்துல கையெழுத்து போடுங்க அம்மா" என்றார் அங்கே இருந்தவர். பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். கை நடுங்கியது. நடுங்கும் கையால் எழுதினார். இரண்டாவது கையெழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனது. மூன்றாவதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், மேலே போய் அந்தப் புள்ளியை வைத்தார்.